‘டீச்சரே அனுப்பியிருக்காங்க!’

(காரமடை ஒன்றியத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டமொன்றில், மேட்டுப்பாளையம் பகுதி அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உணவும் உடல்நலமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். சத்துணவு, சரிவிகித உணவு எல்லாம் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. அதையே மறுபடி சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

2019ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தேன். விடுமுறை அறிவிப்பு, தேர்வு அட்டவணை, பெற்றோர் கூட்டம், இவ்வளவுதான் அதில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கல்லூரித் தோழி ஒரு செய்தி அனுப்பினாள். மஞ்சள் மஞ்சளாய் ஆவாரம்பூப் படம். ‘48 நாள் இந்தக் கஷாயத்தைக் குடியுங்கள். சர்க்கரை நோய் அடியோடு போகும். அதன் பிறகு மாத்திரையைத் தூக்கி எறியுங்கள். பிறர் பயன்பெறப் பகிருங்கள்’ என்று இருந்தது.

ஆவாரம்பூ எனக்குப் புதிதல்ல. கோடையில் உடம்புச் சூடு தணிய என் அம்மா கொதிக்க வைத்துக் கொடுப்பார். ‘நம்ம ஊர்ப் பூ, நல்லதுதானே’ என்று நினைத்தேன். முழுதாகக்கூடப் படிக்கவில்லை. உறவினர் குழு, பழைய மாணவர் குழு, அப்படியே வகுப்புப் பெற்றோர் குழு என்று தட்டிவிட்டுத் தோசை ஊற்றப் போய்விட்டேன்.

ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, என் வகுப்பு மாணவி ஒருத்தி தொடர்ந்து நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குபவர். வலது காலில் பெரிய கட்டோடு கட்டிலில் படுத்திருந்தார். காலில் ஆணி குத்தியிருக்கிறது. வலி தெரியவில்லை, வேலைக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். புண் ஆறாமல் மருத்துவமனைக்குப் போனபோது சர்க்கரை மிக அதிகமாக இருந்திருக்கிறது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

“மாத்திரை சாப்பிட்டுட்டுத்தானே இருந்தார்?” என்று கேட்டேன். அவர் மனைவி போனை எடுத்துக் காட்டினார். அதே மஞ்சள் பூ.

“நீங்க அனுப்புனதுதானுங்க டீச்சர். டீச்சரே அனுப்பியிருக்காங்க, தப்பா இருக்காதுன்னுதான் மாத்திரைய நிறுத்துனாருங்க.”

அந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு எனக்குக் காப்பி போட உள்ளே போனார். எனக்கு அந்தக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

நம் பெயரின் எடை

ஒரு நிமிடம் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். நீங்கள் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறீர்கள்? பள்ளி, சங்கம், சொந்தபந்தம், தெரு, கோயில் கமிட்டி, பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள்... எனக்குப் பதினேழு. ஒவ்வொன்றிலும் காலையில் கருஞ்சீரகம், மாலையில் வெந்தயம், இரவில் ‘பால் குடிக்காதீர்கள்’.

மண்டிக்காரர் அனுப்பினாலும் மளிகைக்கடைக்காரர் அனுப்பினாலும் அது ஒரு செய்தி. ஆசிரியர் அனுப்பினால் அது பாடம். நம்மிடம் படித்தவர்களும், நம்மிடம் பிள்ளைகளை விட்டிருப்பவர்களும் நம் பெயரைப் பார்த்ததும் சரிபார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ‘டீச்சர் பார்த்திருப்பார்’ என்று அவர்கள் நினைக்கிறார்கள். அன்று நான் பார்த்திருக்கவில்லை. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

நம் வட்டாரம் இதற்கு ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம்பெண் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொண்டு, இரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனார். யூடியூப் காணொளிகளைப் பார்த்துச் செய்தார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. குழந்தை பிழைத்தது. அந்தப் பெண் யார் தெரியுமா? ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. அடுத்த சில நாள்களிலேயே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி முகாம் என்று அறிவித்த ஒருவர் கைது செய்யப்பட்டார்.

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நாம் சொல்லிக்கொள்வதுண்டு. அந்த ஆசிரியை படித்தவர். நானும் அறிவியல் பட்டதாரி. படிப்பு மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடவில்லை.

தட்டம்மை ஊசி வந்தபோது

இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன். 2017 பிப்ரவரி 6 அன்று தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 9 மாதம் முதல் 15 வயது வரை, தமிழ்நாட்டில் 1.76 கோடிக் குழந்தைகளுக்குப் போட வேண்டும். அதற்குப் பள்ளிகள்தான் முக்கிய இடம். ஊசி வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வதந்தி வந்துவிட்டது. ‘பாதுகாப்பு இல்லாத ஊசி’, ‘வெளிநாட்டுச் சதி’ என்றெல்லாம் குரல் பதிவுகள். முகாம் நாளன்று எங்கள் பள்ளியில் பல வகுப்புகளில் பாதிப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். வாசலில் பெற்றோர் கூட்டம். மாநிலம் முழுக்க இதே கதைதான். பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டித்தார்கள்.

அன்று நாங்கள் முதலில் செய்தது விவாதம். ரூபெல்லா என்றால் என்ன, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு அது வந்தால் பிறக்கும் குழந்தையின் கண், காது, இதயம் எப்படிப் பாதிக்கப்படும் என்று அரை மணி நேரம் பேசினேன். யாரும் அசையவில்லை. கடைசியில் ஒரு பாட்டி கேட்டார்: “அம்மிணி, உம்பட பையனுக்குப் போட்டியா?”

என் மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு, அதே வளாகத்தில்தான் படித்தான். அவனைக் கூட்டிவந்து வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினேன். இன்னும் இரண்டு ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். ஊசி போட்டு அரை மணி நேரம் எல்லாரும் அவர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பிறகுதான் மற்ற கைகள் நீண்டன.

அந்தப் பெற்றோர் அறிவியலுக்கு எதிரானவர்கள் அல்ல. தம் பிள்ளையை நினைத்துப் பயந்தவர்கள். பயந்தவர்களுக்குத் தகவலைவிட முதலில் நம்பத் தகுந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நாமாகத்தான் இருக்கிறோம். அதனால்தான் 2017இல் ஊசியையும் நம்பினார்கள், 2019இல் ஆவாரம்பூவையும் நம்பினார்கள்.

எல்லாமே தவறா?

இதைக் கேட்டுவிட்டு, ‘இனி உடல்நலச் செய்தி எதையும் பகிரவே கூடாது’ என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். நல்லதும் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

நம் தாத்தா பாட்டி கம்பங்கூழும் ராகிக் களியும் சோளச்சோறும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நடுவில் ஒரு தலைமுறை அதை ‘ஏழைச் சாப்பாடு’ என்று ஒதுக்கியது. கோ. நம்மாழ்வார் ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் பேச்சும் செயலும் கைப்பேசி வழியாக வீடு வீடாகப் போயின. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நம் பிள்ளைகளுக்குச் சாமையும் தினையும் புதுச் சொற்களாக இல்லை. என் பக்கத்து வீட்டு அக்கா ஒரு சமையல் குழுவில் பார்த்துத்தான் கொள்ளு ரசத்தையும் சந்தகையையும் மறுபடி செய்யத் தொடங்கினார். இது இழப்பு இல்லையே, மீட்பு.

பேலியோ போன்ற உணவுமுறைக் குழுக்களும் ஃபேஸ்புக்கில் தமிழில் உண்டு. அவற்றில் சில, இரத்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் உணவுப் பட்டியலே தர மாட்டோம் என்கின்றன. எந்தக் குழுவாக இருந்தாலும், பரிசோதித்துப் பார் என்கிறதா, பரிசோதனையே வேண்டாம் என்கிறதா என்று கவனியுங்கள்.

இதிலிருந்து எனக்கென்று ஓர் எளிய வழி வைத்துக்கொண்டேன். வருகிற செய்தி ‘சேர்’ என்கிறதா, ‘நிறுத்து’ என்கிறதா? தட்டில் ஒரு கீரை சேர், வாரம் இரண்டு நாள் ராகி சேர், தினம் அரை மணி நடை சேர் என்றால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. மாத்திரையை நிறுத்து, ஊசியை நிறுத்து, பிள்ளைக்கு முட்டையை நிறுத்து, மருத்துவமனைக்குப் போகாதே என்றால், அங்கே நான் நின்றுவிடுகிறேன். கேட்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை.

சேர்க்கச் சொல்வதிலும் சில உண்டு. ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தடவச் சொல்லி இன்றும் செய்தி வருகிறது. அந்த வயதில் தேன் ஆபத்து. அதனால் இந்த வழி முதல் சல்லடைதான், முடிவு அல்ல.

‘பிளாஸ்டிக் அரிசி’யும் ஓர் அம்மாவின் கேள்வியும்

நிறுத்தச் சொல்லும் செய்தி எல்லாம் பொய்யாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சத்துணவு அரிசி.

செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியபோது ‘சத்துணவில் பிளாஸ்டிக் அரிசி’ என்று ஒரு காணொளி சுற்றியது. ஒரு பெற்றோர் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து, “பாருங்க, மெதக்குது” என்று காட்டினார். நான் சிரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். 2019க்குப் பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை. அவரை ஏழாம் வகுப்புக்குள்ளேயே அழைத்துப் போனேன்.

100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோ கணக்கில் இந்த அரிசியைக் கலந்தார்கள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து இயந்திரத்தில் அரிசி வடிவில் செய்தது. அதனால்தான் நிறமும் எடையும் கொஞ்சம் மாறித் தெரிகின்றன. மாணவர்கள் மிதந்த மணிகளைப் பொறுக்கி நசுக்கி, அயோடின் கரைசல் விட்டார்கள். கருநீலம். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டிலும் விட்டார்கள். நிறம் மாறவில்லை. ஸ்டார்ச் சோதனையை அவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். அந்தப் பெற்றோர் அதைப் படம் பிடித்துத் தன் குழுவில் போட்டார். நான் போட்டிருந்தால்கூட அவ்வளவு தூரம் போயிருக்காது.

இது நடந்த சில நாளில், மலையடிவாரத்துப் பதி ஒன்றிலிருந்து ஓர் இருளர் சமூகத்து அம்மா வந்தார். “டீச்சர், எம்பொண்ணுக்கு இரத்தத்துல கொறை இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்காங்க. அவளுக்கு இந்த அரிசி ஆகாதுன்னு போன்ல வந்துச்சு. நெசமுங்களா?”

இதுவும் வதந்தி என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருந்தது அரிவாள் செல் இரத்தச்சோகை. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952இல், நமக்கு மேலே இருக்கும் நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். இரும்புச்சத்துச் செறிவூட்டிய உணவை இந்த நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்று பொட்டலத்தில் அச்சிடும்படி 2018ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்லியிருந்தன. பின்னர் நிபுணர் குழு ஆராய்ந்து, அரிசியில் சேர்க்கும் அளவுக்கு அந்த எச்சரிக்கை தேவையில்லை என்றதால் 2024இல் அதை நீக்கினார்கள். ஆனால் அந்த அம்மா கேட்ட நாளில் அவர் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நான் அல்ல, மருத்துவர்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்களோடு போனேன். மருத்துவர் பழைய சீட்டுகளைப் பார்த்து, அரிசி பற்றியும், வாராந்தர இரும்புச்சத்து மாத்திரை பற்றியும் தனித்தனியாகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்று அவளுடைய வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. அன்று நான் ‘வாட்ஸ்அப்பை நம்பாதீங்க’ என்று திருப்பி அனுப்பியிருந்தால், அந்த அம்மா மறுபடி பள்ளியில் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்.

வதந்தி என்று நாம் தள்ளுவதற்குள் பல நேரம் ஒரு கேள்வி இருக்கிறது. கேள்வியை எடுத்துக்கொண்டு விடை தேடுவதுதானே நம் தொழில்?

நான் இப்போது செய்வது

முதலாவது, அம்புக்குறி. வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிய செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி வரும். அதைப் பார்த்தால், அனுப்பியவருக்கே இது எங்கிருந்து வந்தது என்று தெரியாது என்று பொருள். ‘இதை எழுதியது யார்?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாதிச் செய்திகள் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது, ‘அடியோடு குணமாகும்’ என்ற சொல். சர்க்கரை, புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. அப்படி ஒரு சொல் வந்தாலே நான் அனுப்புவதில்லை.

மூன்றாவது, கேட்க ஆள் இருக்கிறார்கள். 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு இருக்கிறது. சித்த மருத்துவமா, அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. ஆவாரம்பூ விஷயத்துக்குப் பிறகு அங்கே ஒரு சித்த மருத்துவரிடம் கேட்டேன். “ஆவாரை எங்க மருந்துதாங்க. ஆனா, யாரோட மாத்திரையையும் பார்க்காமக் கொள்ளாம நிறுத்தச் சொல்ல மாட்டோம்” என்றார். மரபு மருத்துவத்தை மதிப்பது என்றால் அதைப் படித்தவரிடம் கேட்பது. முன்பின் தெரியாத படத்தை அனுப்புவது அல்ல.

நான்காவது, வகுப்பிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுவது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகலாம். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பிள்ளை பயந்து வீட்டில் சொல்லும், வீடு குழுவில் சொல்லும், ‘மாத்திரை கொடுத்துப் பிள்ளைக்கு இரத்தப்போக்கு’ என்று மாலையில் செய்தியாகிவிடும். முன்பே சொன்னால் அது வெறும் பாடம். கூடவே, மாத்திரை போட்டதும் டீ குடிக்க வேண்டாம், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும் என்றும் சொல்கிறேன். பாட்டி வைத்தியமும் பாடப்புத்தகமும் கைகோக்கும் இடம் அது.

ஐந்தாவது, தவறு செய்தால் திருத்துவது. இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

அந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகு மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை. குழுவிலிருந்து அந்தச் செய்தியை நீக்கவும் வழியில்லை, நாள் கடந்துவிட்டது. ‘யாருக்கும் தெரியாது, விட்டுவிடு’ என்று மனசு சொன்னது. நான்காம் நாள் எழுதினேன்: “நான் அனுப்பிய ஆவாரம்பூச் செய்தி தவறு. படிக்காமல் அனுப்பிவிட்டேன். அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். மன்னியுங்கள்.”

மரியாதை போய்விடும் என்று பயந்தேன். அன்று இரவே மூன்று பேர் அழைத்தார்கள். ஒருவருடைய மாமியார், ஒருவருடைய அண்ணன், இன்னொருவர் தானே. மூன்று பேரும் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். மூவரும் மறுபடி மருத்துவமனைக்குப் போனார்கள். நான் எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

அந்தத் தந்தைக்கு எட்டு மாதம் வேலை இல்லை. இப்போது மண்டியில் மூட்டை தூக்குவதில்லை, எடை போடும் இடத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மகள் படிப்பைத் தொடர்ந்தாள். இப்போது செவிலியர் படிப்பில் இருக்கிறாள்.

போன மாதம் அவளிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. அவர்கள் தெருக் குழுவில் யாரோ போட்ட ‘சிறுநீரகக் கல்லுக்கு அதிசய ஜூஸ்’. கீழே ஒரே வரி: “டீச்சர், இதை அனுப்பலாமா, வேண்டாமா? முதல்ல உங்ககிட்டக் கேட்கலாம்னு.”

எனக்கும் தெரியவில்லை. “எனக்குத் தெரியலை கண்ணு. உங்க கல்லூரியில மருத்துவர்கிட்டக் கேட்டுட்டு எனக்கும் சொல்லு” என்று பதில் அனுப்பினேன். அதுவரை அந்தச் செய்தி அவள் போனிலும் என் போனிலும் நின்றது. வேறு எங்கும் போகவில்லை.

இன்று மாலை வீட்டுக்குப் போகும் பேருந்தில் போனை எடுப்பீர்கள். ஏதாவது ஒரு பூவோ, வேரோ, பொடியோ வந்திருக்கும். அனுப்புவதற்கு முன், உங்கள் வகுப்புப் பெற்றோரில் ஒருவருடைய முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.